திருநீற்றுப் பெட்டிக்குள் ஒரு கோது

என் தம்பி துவக்குக் கடையில் வேலை செய்தான் என்பதைச் சொந்தக்காரருக்கு நாங்கள் சொன்னதில்லை. யாரும் கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்போம். அது முழுப் பொய்யும் இல்லை. தூண்டில், கூடாரம், பனிச் சப்பாத்து, வேட்டைக்குப் போகிறவர்கள் போடும் தோடம்பழ நிற மேலங்கி எல்லாம் அங்கே விற்றார்கள். பின்பக்கத்துக் கண்ணாடி அலுமாரிகளில் மட்டும்தான் துவக்குகள். தம்பியின் வேலை அவற்றைத் தொடுவதுகூட இல்லை, பின்னறையில் இருந்து படிவம் நிரப்புவது. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு உலகத்தில் வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

"அக்கா, இது உங்கட ரொறன்ரோ இல்லை. சின்ன ரவுண். கிடைக்கிற வேலையைத்தான் செய்யலாம்" என்பான்.

அவன் எங்களோடு ரொறன்ரோவில் வளர்ந்தவன். கலியாணம் முடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் போனான். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் ஒன்பது மணித்தியாலம். இப்போது சொல்லப்போவது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது, என்னோடுதான் இருந்தார். ஒவ்வொரு கோடையும் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய் இரண்டு மாதம் அவனுடைய மகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் மிச்சப் பத்து மாதமும் என்னைச் சகித்துக்கொள்கிறார் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் மறுத்ததில்லை.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் நானும் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப் போனேன். ஒருநாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் தம்பி தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அந்த மாநிலத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. புதுக் கைத்துப்பாக்கி எதையும் விற்பதென்றால் அது சுட்ட தோட்டாவின் வெறுங்கோது ஒன்றும் கூடவே வர வேண்டும். செய்கிற கொம்பனியே ஒருமுறை சுட்டுப் பார்த்து, வெளியே தெறித்து விழும் பித்தளைக் கோதை ஒரு சின்ன மண்ணிறக் கடித உறையில் போட்டு ஒட்டி, மேலே துவக்கின் இலக்கத்தை எழுதி அனுப்பும். துவக்கு விற்றதும் கடைக்காரர் அந்த உறையை மாநிலப் பொலிசுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு துவக்கும் தன் கோதில் தனக்கென்று ஒரு கீறல் விடுமாம். நாளைக்கு எங்கேயாவது ஒரு தெருவில் கோது கிடந்தால், சேர்த்து வைத்ததோடு ஒப்பிட்டு இது இன்ன துவக்கு என்று சொல்லிவிடலாம் என்பது அவர்களின் எண்ணம்.

உறையில் விற்ற திகதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பது தம்பியின் பொறுப்பு. அதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. உண்மையில் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அம்மா சொதி அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார். "கோதை வைச்சு ஆளைப் பிடிப்பினமோ?"

"ஆளை இல்லை அம்மா, துவக்கை. துவக்கைப் பிடிச்சால் பிறகு ஆளைப் பிடிக்கலாம்."

"அதில நீ ஏன் கையெழுத்துப் போடுறாய்?"

"அது என்ர வேலை அம்மா."

அகப்பையில் இருந்த சொதி ஆறிப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் ஒரு கைத்துப்பாக்கி விற்றார்கள். தம்பி உறையை ஜக்கெற்றின் உள்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது தபாற்கந்தோர் பூட்டிவிட்டது. திங்கள் காலை போடலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை அம்மா உடுப்புத் தோய்த்தார். தோய்க்க முதல் எல்லாப் பையையும் தட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஞாயிறு காலை நானும் அவரும் ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்டோம்.

எல்லையில் கனடாப் பக்கத்து அதிகாரி குனிந்து, சொல்ல வேண்டிய சாமான் ஏதும் உண்டா என்று கேட்டாள். கஜு இரண்டு பெட்டி, பிள்ளைகளுக்கு இரண்டு காற்சட்டை என்றேன். அவள் எட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, உதடு அசையத் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வயது போன மனிசி, கார்ப் பயணத்துக்குப் பயம் போல என்று அவள் நினைத்திருப்பாள், சிரித்துக்கொண்டு போகச் சொன்னாள். மடியிலே கனம் இருந்தால் வழியிலே பயம் என்று சொல்வார்கள். அந்தக் கனம் ஒரு மஞ்சாடி விதையை விடக் கொஞ்சம் பெரிதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

திங்கள் பின்னேரம் தம்பி அழைத்தான்.

"அக்கா, உங்கட காருக்குள்ள ஒரு சின்ன பிறவுண் என்வலப் விழுந்து கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. பிளீஸ்."

காரின் மிதியடி வரை கிளறிப் பார்த்தேன். இல்லை. அவன் வீட்டையும் கடையையும் தலைகீழாக்கிவிட்டானாம். முதலாளி இன்னும் கத்தவில்லை, ஆனால் ஒரு மாதிரிப் பார்க்கிறாராம். வந்த நாட்டைக் கேட்டறிந்து வேலைக்கு எடுத்தவர் அவர். சண்டை நடந்த நாட்டுக்காரன் கையில் ஒரு கோது காணாமல் போனால் யாருக்கும் ஒரு யோசனை வரும்தானே. மாநிலத்துக்குப் போக வேண்டிய சாமான் போகாவிட்டால் கடையின் லைசன்சுக்குப் பிரச்சினை. அவனுடைய சிற்றிசன்சிப் விண்ணப்பம் வேறு முடிவு வராமல் கிடந்தது. "என்ர பேர் அதில இருக்கு அக்கா. என்ர சைன் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் அவனோடு கதைத்து முடிக்கும் மட்டும் அம்மா குசினி மேசையில் இருந்து போஞ்சி வெட்டினார். ஸ்பீக்கரில்தான் கதைத்தோம், எல்லாம் கேட்டிருக்கும். ஊரில் ஒரு குண்டூசி தொலைந்தாலும் முதலில் தேட எழும்புகிற மனிசி அன்று எழும்பவில்லை. போஞ்சியை மட்டும் பொடிப்பொடியாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் எடுத்தனீங்களோ?"

"எதை?"

"அம்மா."

கத்தியை வைத்துவிட்டு எழும்பினார். சாமி அலுமாரியைத் திறந்து, அப்பா காலத்திலிருந்து இருக்கும் தகரத் திருநீற்றுப் பெட்டியை எடுத்து வந்தார். திருநீற்றுக்குள் விரலை விட்டுக் கிண்டி, அந்த உறையை வெளியே எடுத்தார். ஒட்டு உடைக்காமல் அப்படியே இருந்தது. திறந்தால் கை பட்டுவிடும் என்று திறக்கவில்லையாம். நாளைக்கு நான் வேலைக்குப் போனதும் பஸ் எடுத்துப்போய் வாவிக்குள் போட இருந்தாராம். எந்த பஸ் என்றுகூட விசாரித்து வைத்திருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே பிள்ளை வேலை போகப்போகிறது என்று துடிக்கிறான், இங்கே இவர் அதைத் திருநீற்றுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். கத்தத் தொடங்கினேன். அவர் உறையைத் திருப்பிக் காட்டினார்.

"கோதோட அவன்ர கையெழுத்தும் கிடக்குது பிள்ளை. ஆரும் பார்த்தால் என்ன சொல்லுவினம்?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு பெரிய றோட்டுக் கரையில். இரவில் வெடி கேட்டால், விடிந்ததும் அம்மா விளக்குமாற்றோடு வளவுக்குள் இறங்குவார். மற்ற வீடுகளில் குப்பைக்குக் கூட்டினார்கள், எங்கள் வீட்டில் கோதுக்குக் கூட்டினார்கள். கூட்டி எடுத்த கோதுகளைக் கக்கூசுக் குழிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். ஆமி செக்கிங் வரும்போது வீட்டில் ஒரு கோது கிடந்தால் அந்த வீட்டு ஆம்பிளை போனான். ஏன், எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. கோதின் வாயில் கீழுதட்டை வைத்து ஊதினால் விசில் சத்தம் வரும். அம்மாவின் விளக்குமாற்றுக்குத் தப்பின ஒன்றை அவன் எடுத்துவிட்டான். அம்மாவின் கண்ணில் படக்கூடாது என்று ஒளிக்க இடம் தேடி, கதவில் கொழுவியிருந்த அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிட்டான். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். அந்தப் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள்.

பத்தொன்பது நாள் ஆமி உள்ளே வைத்திருந்தது. திரும்பி வந்தபோது அப்பாவின் இடது காது கேட்கவில்லை, பிறகு ஒருநாளும் கேட்கவும் இல்லை. தம்பிக்கு, அப்பா கொழும்பு ஆஸ்பத்திரியில் என்று சொல்லி வைத்திருந்தோம். அவன் அந்த நாட்களில் தன் விசிலைக் காணவில்லை என்று அழுதான், அதில்தான் கோது எப்படிப் பைக்குள் போனது என்று எங்களுக்கு விளங்கியது. காகம் கொண்டுபோயிருக்கும் என்று அம்மா சமாளித்தார். அப்பா வந்து படுக்கையில் சாய்ந்ததும் முதல் கேட்டது தண்ணீர். இரண்டாவதாகச் சொன்னது, "சின்னவனுக்குத் தெரியவேண்டாம்." அந்த ஒன்றைத் தவிர அப்பா எங்களிடம் கேட்டு வாங்கியது எதுவும் இல்லை. கனடாவுக்கு வந்து எட்டு வருடம் இருந்து, தம்பி பேப்பர் வாசிக்கிற குரலை ஒரு காதால் கேட்டுக்கொண்டு, அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

அன்று பின்னேரம் தம்பிக்கு அழைத்து, உறை கிடைத்துவிட்டது, அம்மாவின் பைக்குள் இருந்தது என்று மட்டும் சொன்னேன். எல்லை தாண்டித் தபாலில் போட நாங்கள் இருவருமே பயந்தோம். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவனே வருகிறேன் என்றான். புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தான்.

"ஏன் அம்மா உந்த என்வலப்பை எடுத்தனீங்கள்?"

அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். "குப்பை எண்டு நினைச்சன் தம்பி."

அவன் உறையைத் தட்டினான். திருநீறு மேசையில் கொட்டியது. "குப்பையை ஆரும் திருநீற்றுக்குள்ள வைப்பினமோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லுங்கோ, முப்பது தாண்டிய ஆம்பிளை, தாங்குவான் என்று கண்ணால் கெஞ்சினேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். சின்ன வயதில் சபையில் வாய் திறக்கப் போனால் ஒரு பார்வை பார்ப்பாரே, அதே பார்வை.

"வயசு போகுதெல்லே. இப்ப எனக்கு எல்லாம் மறக்குது. எங்க எதை வைச்சனான் எண்டே தெரியிறதில்லை."

தம்பியின் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். வேலை போகப்போகிறது என்ற பயத்தை விடப் பெரிய பயம் ஒன்று அதில் வந்தது. அம்மாவின் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, "எப்ப தொடக்கம் அம்மா?" என்று கேட்டான். அம்மா கொஞ்ச நாளாக என்றார். சாப்பிட்டுவிட்டு உறையோடு திரும்பிப் போனான். போகும்போது வாசலில் வைத்து என்னை ஏசினான். கூடவே இருக்கிறீர்கள், இது உங்களுக்குத் தெரியாதா என்று. நானும் வாங்கிக்கொண்டேன்.

உறை பொலிசுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளிக்கு அம்மாவின் கதை விளங்கியது, அவருடைய தாய்க்கும் மறதியாம். வேலை தப்பியது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தம்பி விடவில்லை. டொக்டரிடம் காட்டச் சொல்லி நாளுக்கு இரண்டு தரம் அழைத்தான். கடைசியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை, பொறுமையானவள்.

"அன்ரி, இண்டைக்கு என்ன கிழமை?"

வெள்ளி, செவ்வாய், கார்த்திகை, சதுர்த்தி எல்லாம் கலண்டர் பாராமல் சொல்லுகிற என் அம்மா சுவரைப் பார்த்து யோசித்தார். "செவ்வாயோ?"

டொக்டர் மூன்று சொல் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். அம்மா வாழைப்பழம் என்றார், சூரியன் என்றார், மூன்றாவதற்குத் தலையை ஆட்டினார். மணிக்கூடு கீறச் சொன்னாள். வட்டம் வடிவாகக் கீறி, முள்ளைப் பிழையாகப் போட்டார். தொடக்க நிலை மறதியாக இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் எழுதினாள்.

காருக்குள் ஏறிப் பட்டியைப் போட்டதும் அம்மா சொன்னார்: "நாளைக்கு வெள்ளி, கறிவேப்பிலை முடிஞ்சுபோச்சு. கடையடிக்கு விடு."

நான் காரை எடுக்கவில்லை.

"அந்த மூண்டாவது சொல் கதிரை" என்றார். "அது எனக்குத் தெரியும்."

"ஏன் அம்மா இப்பிடிச் செய்யிறீங்கள்? ஒரு கதை சொன்னால் முடிஞ்சுது. அவனுக்கு அப்ப ஆறு வயசு. ஆரும் அவனைப் பிழை சொல்லப்போறதில்லை."

"அவன் சொல்லுவான்" என்றார் அம்மா. "அவன் தன்னைத்தான் பிழை சொல்லுவான். அப்பான்ர காதை நினைப்பான். ஒவ்வொரு நாளும் கோதைக் கையில எடுக்கிற பிள்ளை."

கடைக்கு விட்டேன். கறிவேப்பிலை வாங்கினோம்.

அதற்குப் பிறகு அடுப்பின் குமிழ்களைக் கழற்றி வைக்கச் சொன்னான் தம்பி. நான் கழற்றவில்லை, கழற்றியதாகச் சொன்னேன். ஆனால் அடுத்த கோடையில் நடந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. அம்மா வழக்கம் போலப் பெட்டி அடுக்கத் தொடங்கியபோது அவன் அழைத்தான். இந்த முறை தனிய வர வேண்டாம், பிள்ளையை அம்மாவோடு தனிய விட மனைவிக்குப் பயமாக இருக்கிறது, குறை நினைக்க வேண்டாம் என்றான். அம்மா "ஓம் தம்பி, அதுதான் சரி" என்றார். பேத்திக்கென்று வாங்கி வைத்த கவுன்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. கோபம் யார் மீது என்று எனக்கே தெரியவில்லை. அந்த இரண்டு மாதக் கோடை அவருக்குப் பிறகு ஒருபோதும் கிடைக்கவில்லை. போனால் என்னோடு போவார், மூன்று நாள் நின்றுவிட்டு என்னோடு திரும்புவார்.

சில வருடங்களில் அந்த மாநிலம் சட்டத்தையே கைவிட்டது. தம்பி சிரித்துக்கொண்டு அழைத்தான். "அக்கா, உந்தக் கோதுகளால ஒரு பிரயோசனமும் இல்லையாம். இனி அனுப்பத் தேவையில்லை. அம்மாட்டச் சொல்லுங்கோ, விரும்பினா வந்து எல்லாத்தையும் கூட்டி அள்ளட்டும்."

சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தக் கடுதாசியளை என்ன செய்வினமாம்? கையெழுத்துப் போட்டதுகளை?"

"தெரியாது அம்மா. எரிப்பினமாக்கும்."

"எரிச்சால் நல்லது" என்றார்.

போன மாசியில் அம்மா போனார். கடைசி நாள் வரை ஏகாதசியைப் பிழையாகச் சொன்னதில்லை. பார்வைக்கு வைத்திருந்த மண்டபம் நிறைந்திருந்தது. அஜக்ஸிலும் ஸ்கார்பரோவிலும் இருக்கிற சனம் முழுக்க வந்த மாதிரி இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி அம்மாவின் தோசையையும் பக்தியையும் பற்றிச் சொன்னார்கள். கடைசியாகத் தம்பி மைக்குக்கு வந்தான். அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கோதுக் கதையைச் சொன்னான்.

நன்றாகச் சொன்னான். அரசாங்கத்துக்குப் போக வேண்டிய தடயத்தை என் அம்மா திருடினவா என்று தொடங்கினான். ஜக்கெற்றுப் பை, எல்லையில் தேவாரம், திருநீற்றுப் பெட்டி, தான் ஒன்பது மணித்தியாலம் ஓடி வந்தது, சப்பாத்தோடு குசினிக்குள் நின்றது, எல்லாம் சொன்னான். துவக்குக் கடை என்பதையும் சபையிலேயே சொல்லிவிட்டான். முதலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அவனுடைய மகள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். செத்தவீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவன் பெட்டியில் கிடந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா உண்மையா, ஏன் எடுத்தவா எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை" என்றான். "மறதி எண்டு டொக்டர் சொன்னவா. நான் நம்பினனான். ஆனா பிறகு பத்து வருசம் ஒண்டையும் மறக்கேல்லையே." மைக்கைப் பிடித்தபடியே என் பக்கம் பார்த்தான். பகிடி அவனுடைய முகத்தில் இல்லை. "அக்கா, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா இனி என்னைப் பார்வையால் அடக்க முடியாது. அப்பாவும் இல்லை. அவன் கேட்கிறான், நாற்பது தாண்டிவிட்டான், ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். நான் எழும்பினேன். பெட்டிக்குள் அம்மாவின் நெற்றியில் திருநீறு மூன்று குறியாகப் பூசியிருந்தது, அந்தத் தகரப் பெட்டியிலிருந்து காலையில் நானே பூசியது.

"குப்பை எண்டுதான் நினைச்சவா" என்றேன்.

சனம் இன்னொரு தடவை சிரித்தது. தம்பியும் சிரித்தான்.